சூறாவளியும் விடுதித் தொழிலாளரும்: கவாய்த் தீவின் 1992-ஆம் ஆண்டு அனுபவம்

முன்னுரை

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்கே அமைந்துள்ள கவாய்த் தீவை நம் வாசகர்களில் பலர் ஆன்மிக வழியாகவே அறிந்திருப்பர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-ஆம் ஆண்டு அங்கு நிறுவிய கவாய் ஆதீனமும், அதன் இறைவன் திருக்கோயிலும் மலேசிய, சிங்கப்பூர்ச் சைவர்களிடையே பெயர் பெற்றவை. அவ்வாதீனம் அமைந்துள்ள வைலுவா ஆற்றுப் பகுதியிலேயே, ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, கோகோ பாம்ஸ் என்னும் புகழ்பெற்ற தங்கும் விடுதி ஒன்று இருந்தது. 1961-இல் வெளிவந்த 'புளூ ஹவாய்' திரைப்படத்தின் இறுதித் திருமணக் காட்சி அதன் குளக்கரையில்தான் படமாக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் மூடப்பட்ட அவ்விடுதி மீண்டும் திறக்கப்படவே இல்லை. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அது பாழடைந்து நின்றது.

அதன் கட்டடத்தைப் பற்றியும், அதனை வாங்கி விற்ற நிறுவனங்களைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால், அங்கு அறை துடைத்தவர்களும் சமைத்தவர்களும் தோட்டம் பேணியவர்களும் மறுநாள் எங்குச் சென்றனர் என்னும் வினாவுக்கு விடை காண்பது அரிது. சூறாவளி வரலாறுகள் காற்றின் வேகத்தையும் இடிந்த கூரைகளையும் காப்புறுதித் தொகையையும் கணக்கிடுகின்றன. இழந்த கூலியை அவை அதே அக்கறையுடன் கணக்கிடுவதில்லை. இனிக்கி என்னும் அச்சூறாவளியை விடுதித் தொழிலாளரின் பக்கத்திலிருந்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. காற்று ஒரு பிற்பகலில் ஓய்ந்தது. அத்தொழிலாளர் பட்ட துன்பம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குக் காற்றைவிட, அவர்களது வேலை அமைந்திருந்த முறையே பெருங்காரணம் என்பது நம் கருத்தாகும்.

கரும்புக் கொல்லையிலிருந்து கடற்கரை விடுதிக்கு

விடுதித் தொழிலாளர் யார் என்பதை அறியக் கரும்பிலிருந்து தொடங்க வேண்டும். ஹவாயில் வணிக நோக்கில் நிலைபெற்ற முதல் கரும்புத் தோட்டம் கவாய்த் தீவின் கொலோவாவில் 1835-இல் தொடங்கப்பட்டது. 1850-ஆம் ஆண்டின் எசமானர் பணியாளர் சட்டம் ஒப்பந்தக் கூலிமுறைக்கு வழி வகுத்தது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி சிறை செல்ல நேரிட்டது. 1852 முதல் சீனர்கள், பின்னர்ப் போர்த்துக்கீசியர்கள், ஜப்பானியர்கள், 1906 முதல் பிலிப்பீனியர்கள் என்று அலை அலையாக ஆள் சேர்க்கப்பட்டனர். ஓரினத்தார் கூலி உயர்வு கேட்டால் வேறோர் இனத்தாரைக் கொண்டு வருவது தோட்ட முதலாளிகளின் வழக்கமாக இருந்தது.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அயல்நாட்டு நூலகமொன்றில் மலாயாத் தோட்ட வரலாற்று நூல்களைத் தேடிய காலத்தில், ஹவாய் பற்றிய நூல்கள் அடுத்த அடுக்கிலேயே இருந்தன. எடுத்துப் புரட்டினால் பெயர்கள்தாம் வேறு. நம் தோட்டங்களில் கங்காணி என்றால் அங்கு 'லூனா'. நம்மவர் லயத்தில் வாழ்ந்தனர் எனில், அவர்கள் 'கேம்ப்' என்னும் குடியிருப்பில் இனவாரியாகப் பிரிக்கப்பட்டு வாழ்ந்தனர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் 'பாங்கோ' எனப்படும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று தரப்பட்டது. சம்பளம் பெறவும் தோட்டக் கடையில் கடன் வாங்கவும் பெயர் வேண்டியதில்லை, அந்த எண்ணே போதும். ஆங்காங்கே சிறு வேறுபாடுகள் இருப்பினும், தோட்டமே வீடும் கடையும் மருத்துவமனையுமாக இருந்த நிலை இரண்டிடத்தும் பொதுவானதே.

கவாய்த் தொழிலாளர் பணிந்தே கிடந்தனர் என்று எண்ணிவிடலாகாது. 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அத்தீவின் ஹனபேப்பே என்னும் ஊரில் வேலைநிறுத்தம் செய்த பிலிப்பீனியத் தொழிலாளர்க்கும் காவலர்க்கும் ஏற்பட்ட மோதலில் 16 தொழிலாளரும் 4 காவலரும் மாண்டனர். 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தை அறிந்த நமக்கு இது புதிய கதையன்று. 1946-இல், இனப் பிரிவினையைக் கடந்து, ஏறத்தாழ 26,000 சர்க்கரைத் தொழிலாளர் 79 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அவர்களை வழிநடத்திய துறைமுக, கிடங்குத் தொழிலாளர் சங்கமே பின்னாளில் கவாய் விடுதிகள் பலவற்றிலும் கால் ஊன்றியது. கரும்பு வெட்டியவரின் சங்கம் படுக்கை விரித்தவரின் சங்கமாகவும் ஆயிற்று என்பது இவ்வரலாற்றின் சிறப்பான கூறுகளுள் ஒன்று.

1959-இல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது. அதே ஆண்டில் ஜெட் விமானச் சேவையும் தொடங்கிற்று. அவ்வாண்டு ஏறத்தாழ 2,40,000 பேர் வந்த ஹவாய்க்கு, 1990-ஆம் ஆண்டில் 70 இலட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பயணிகள் வந்தனர். இதே காலத்தில் கரும்பு தேய்ந்தது. கவாயில் கிலாவேயாத் தோட்டம் 1971-இல் மூடப்பட்டது. நிலவுடைமை நிறுவனங்கள் கடற்கரைப் பகுதிகளை விடுதிகளாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாற்றலாயின. லிகுவே கரும்புத் தோட்டத்தின் உரிமையாளரான ஆம்ஃபாக் நிறுவனமே ஒரு காலத்தில் அத்தீவின் விடுதிகளையும் நடத்தியது. ஆகவே, தந்தை கரும்பு வெட்டிய நிறுவனத்திலேயே மகள் அறை துடைத்தாள் என்பது பல குடும்பங்களில் நிகழக்கூடியதாக இருந்தது. நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர்ப்புற வீடமைப்புக்கும் குழிப்பந்துத் திடல்களுக்கும் இடமளித்தபோது தோட்ட மக்களுக்கு நேர்ந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கவாயில் அம்மக்களை ஏற்றுக்கொள்ள மற்றொரு தொழில் காத்திருந்தது. அது நற்பேறு போலவே தோன்றியது.

ஆனால், இரண்டு தொழில்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. தோட்டம் தொழிலாளியை அடக்கியாண்டது. அதே வேளையில் அவனுக்குக் குடியிருப்பும் தந்தது. விடுதி கூலியை மட்டும் தந்தது. வீட்டு வாடகை, மளிகை, மருந்து ஆகிய யாவும் கப்பலேறி வரும் பொருள்களின் விலையில் சந்தையில் பெற வேண்டியவையாயின. விடுதிப் பணியாளர் பலர் இரண்டு வேலைகள் பார்த்துக் குடும்பம் நடத்தினர். அறை துப்புரவுப் பணியில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் பிலிப்பீனிய வழியினர் மிகுதி. பரிமாறுநரும் பெட்டி தூக்குவோரும் பயணிகள் தரும் அன்பளிப்புப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தனர். அன்பளிப்பு என்பது விருந்தினர் வந்தால்தானே கிடைக்கும்.

1992 செப்டம்பர் 11

'இனிக்கி' என்னும் ஹவாய் மொழிச் சொல்லுக்குக் கூர்மையாகக் குத்தும் காற்று என்று பொருள். கவாய் மக்களுக்குச் சூறாவளி புதிதன்று. 1982-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த இவா சூறாவளி பொய்ப்பூக் கடற்கரை விடுதிகளைச் சிதைத்திருந்தது. அவ்விழப்பிலிருந்து மீண்டு பத்தாண்டுகள் நிறைவதற்குள் இனிக்கி வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்திற்கு முன்னர்தான் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியிருந்தது; அமெரிக்க நடுவண் அரசின் கவனமும் உதவியாளரும் அங்கிருந்தனர்.

எச்சரிக்கை முதல் நாள்தான் வெளியானது. வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அபாயச் சங்குகள் ஒலித்தன. பிற்பகல் மூன்றரை மணியளவில் சூறாவளியின் மையம் தீவின் தென்கரையைக் கடந்தது. ஒரு மணி நேரத்திற்குள் வடகரை வழியே வெளியேறியும் விட்டது. நான்காம் வகைச் சூறாவளி. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர். இறந்தோர் ஆறு பேர். அத்தகைய காற்றுக்கு இஃது எதிர்பாராத அளவு குறைவான எண்ணிக்கையாகும். வீடுகளோ அவ்வாறு தப்பவில்லை. ஏறத்தாழ 51,000 பேர் வாழ்ந்த தீவில் 14,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. அவற்றுள் 1,421 வீடுகள் முற்றாக அழிந்தன. 5,000-க்கும் மேற்பட்டவை பெரும் சேதத்திற்கு உள்ளாயின. தோட்டக் காலத்து வீடுகள் ஒற்றைப் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. கூரையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் இல்லாமையால், கூரை பறந்ததும் சுவர்கள் தாமே சாய்ந்தன. அப்பட்டைகளைக் கட்டாயமாக்கிய விதி சூறாவளிக்குப் பின்னரே வந்தது.

அன்றைய நாளைப் பற்றி உலகம் அறிந்த கதை ஒன்றுண்டு. 'ஜுராசிக் பார்க்' படப்பிடிப்புக்காக வந்திருந்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கும் அவர் குழுவினரும் நவிலிவிலியில் இருந்த பெரிய விடுதியொன்றின் விருந்து மண்டபத்தில் சூறாவளியைக் கழித்தனர். இச்செய்தி அத்திரைப்படம் பற்றிய நூல்களிலும் நேர்காணல்களிலும் தவறாது இடம்பெறுகிறது. ஒரு விருந்து மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரைப் பாதுகாப்பாக அமர்த்தி, உணவும் நீரும் போர்வையும் தர வேண்டுமெனில் பலர் அங்கு வேலை செய்திருக்க வேண்டும். தீவெங்கும் விடுதிகளில் அன்று பணியில் இருந்தோர் இதையே செய்தனர். தம் வீட்டுக் கூரை என்னவாயிற்று என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயிருந்தன. திரைப்பட வரலாற்றில் அவர்கள் ஒரு வரிக்கும் உரியவராகவில்லை.

அடுத்த சில நாள்களில் பல்லாயிரம் பயணிகள் விமானங்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். இது திறம்பட நடந்த செயல் என்பதில் ஐயமில்லை. விருந்தினர் யாவரும் சென்ற பின்னர்த் தீவில் எஞ்சியவை இடிந்த விடுதிகளும், அவற்றை நம்பி வாழ்ந்த மக்களுமே. சில பகுதிகளுக்கு மின்சாரம் மீள மூன்று மாதங்கள் வரை ஆயிற்று.

வேலை இழந்தோரும் சட்டமும்

அமெரிக்கா தொழிலாளர் சட்டங்கள் நிறைந்த நாடு. ஹவாய் மாநிலம் அவ்வகையில் இன்னும் ஒருபடி முன் நின்றது. இருப்பினும், அச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால், அவை யாவும் தொழிற்கூடம் இயங்கிக்கொண்டிருக்கும் காலத்திற்கென இயற்றப்பட்டவை என்பது புலனாகும்.

முதலாவது, பெருந்தொகையான பணிநீக்கத்திற்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்னும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இயற்கைப் பேரிடரால் நேரும் பணிநீக்கத்திற்கு இக்கடப்பாடு இல்லை என்று அச்சட்டமே விலக்களிக்கிறது. சூறாவளிக்கு யார் முன்னறிவிப்புத் தர இயலும் என்று கேட்கலாம், நியாயமே. எனினும், அந்த 60 நாள் காலம் தொழிலாளிக்குக் கூலியோடு கூடிய இடைவெளியுமாகும். அது இல்லாமற்போனதன் சுமையைத் தொழிலாளியே ஏற்றான்.

அடுத்தது மருத்துவம். 1974-ஆம் ஆண்டின் முன்செலுத்து மருத்துவச் சட்டப்படி, ஹவாயில் வாரம் 20 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோர்க்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி வழங்கியாக வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் இதற்கு நிகரான சட்டம் அன்று வேறெங்கும் நடைமுறையில் இல்லை. அது பெருமைக்குரிய சட்டம். ஆனால், காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டிருந்தமையால் வேலை போன கையோடு காப்புறுதியும் போயிற்று. முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தி அதனை நீட்டித்துக்கொள்ள நடுவண் சட்டம் இடமளித்தது. கூலியே இல்லாதவர் எதைக்கொண்டு செலுத்துவர்? கூரை ஏறி விழுந்தவர்களும் ஆணி மிதித்தவர்களும் மிகுந்திருக்கக்கூடிய மாதங்களில் இவ்வாறு நேர்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மீண்டும் வேலை கிடைத்தபோதும், வாரத்திற்கு 20 மணி நேரத்தை எட்டாத பகுதிநேர வேலைக்கு முதலாளி காப்புறுதி தர வேண்டியதில்லை.

வேலையின்மை உதவித்தொகை வழக்கமாக 26 வாரங்களுக்குரியது. செப்டம்பர் நடுவில் தொடங்கினால் மார்ச் நடுவில் அது முடிவுறும். தொழில் மந்தத்தை முன்னிட்டு நடுவண் அரசு அக்காலத்தில் தற்காலிக நீட்டிப்பும் வழங்கி வந்தது என்பது உண்மையே. ஆயினும் விடுதிகள் எப்போது திறந்தன என்பதைப் பார்க்க வேண்டும். 1990-இல்தான் கட்டப்பட்ட, உறுதி வாய்ந்த ஹையாட் ரீஜன்சி 1993-இல் திறந்தது. நவிலிவிலி விடுதி 1995-இல் வேறொரு நிறுவனத்தின் பெயரில் திறந்தது. பொய்ப்பூவின் ஷெராட்டன் 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்தது. அதாவது 63 மாதங்கள் கழித்து. எந்த உதவித்தொகையும் அத்துணைக் காலம் நீளாது. தன்தொழில் செய்தோர், பூமாலை தொடுத்து விற்றோர், விடுதிகளுக்கு மீனும் பழமும் கொடுத்தோர் ஆகியோர்க்குப் பேரிடர்க்கால வேலையின்மை உதவி என்னும் தனித் திட்டம் இருந்தது. அதனைப் பெற வருமானச் சான்று காட்ட வேண்டும். கூரையில்லா வீட்டில் மழையில் நனைந்த தாள்களோடு வரிசையில் நிற்பது அத்துணை எளிதன்று.

சீரமைப்பு வேலைகள் பெருகின என்பதையும் குறிப்பிட வேண்டும். தச்சர், மின்பணியாளர், கூரை வேய்வோர் ஆகியோர்க்குத் தேவை மிகுந்தது. பிற தீவுகளிலிருந்தும் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்தும் அவர்கள் வந்தனர். அவர்களுக்கும் நிவாரண அலுவலர்க்கும் காப்புறுதி மதிப்பீட்டாளர்க்கும் தங்க அறைகள் தேவைப்பட்டன. சேதம் குறைந்த விடுதிகள் சில அவ்வழியில் இயங்கின. ஆனால், கட்டுமானம் ஆண்களின் தொழிலாக இருந்தது. இருபதாண்டுகள் அறை துப்புரவு செய்த பெண்ணொருத்திக்கு அதில் இடமில்லை. இடிபாடுகளைப் பொறுக்கும் தற்காலிக வேலையே அவளுக்கு எட்டியது. வீடுகள் அழிந்தமையாலும் வெளியாட்கள் வந்தமையாலும் வாடகைக்கு வீடு கிடைப்பதும் அரிதாயிற்று. எனவே, ஒரு பகுதியினர் ஒவாகுத் தீவிற்கும், சூதாட்ட விடுதிகள் பெருகி வந்த லாஸ் வேகாசுக்கும் புலம்பெயர்ந்தனர். கரும்புக்குத் திரும்பவும் வழியில்லை. மெக்பிரைடு நிறுவனம் 1996-இல் கரும்பைக் கைவிட்டது. லிகுவேத் தோட்டம் 2000-இல் மூடப்பட்டது.

திறக்காத கதவுகள்

இங்கு நாம் சற்று நிறுத்தி, விடுதியைத் திறப்பதா வேண்டாவா என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டும். இனிக்கியால் நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 180 கோடி டாலர் என்பது அன்றைய மதிப்பீடு. அதனைவிடக் கூடிய மதிப்பீடுகளும் உண்டு. காப்புறுதி நிறுவனங்கள் சில இச்சுமையால் நிலைகுலைந்தன. பல நிறுவனங்கள் ஹவாயில் சூறாவளிக் காப்புறுதி வழங்கத் தயங்கியமையால், 1993-இல் மாநில அரசே சூறாவளி நிவாரண நிதியம் ஒன்றை அமைக்க நேர்ந்தது. விடுதி உரிமையாளர்க்கு இழப்பீடு ஒரு தேர்வைத் தந்தது: அத்தொகையைக் கொண்டு விடுதியைக் கட்டலாம், விற்கலாம், காத்திருக்கலாம். 1991 வளைகுடாப் போருக்குப் பின் பயணிகள் வரவு தளர்ந்திருந்தது. ஜப்பானிய முதலீடும் வற்றிக்கொண்டிருந்தது. காத்திருப்பதே ஆதாயம் என்று சில உரிமையாளர் எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை. தொழிலாளர்க்கு அத்தகைய தேர்வு இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களில் பணிமூப்பின் அடிப்படையில் மீள அழைக்கும் விதிகள் இடம்பெறுவது வழக்கம். ஆனால் திறக்காத விடுதி யாரையும் மீள அழைப்பதில்லை.

பொய்ப்பூவின் வையோகாய் விடுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். சூறாவளியோடு மூடப்பட்ட அது, பின்னர் இடிக்கப்பட்டு, 2003-இல் காலப் பங்கு முறையிலான உல்லாசக் குடியிருப்பாகத் திறக்கப்பட்டது. காலப் பங்கு முறையில் ஆண்டிற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்குரிய தங்கும் உரிமையை மக்கள் விலைக்கு வாங்குகின்றனர். அறைகளில் சமையலறை உண்டு. நாள்தோறும் படுக்கை விரிக்க வேண்டியதில்லை. விருந்து மண்டபமும் பெரிய உணவகமும் தேவையில்லை. எனவே, அறை ஒன்றுக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை விடுதியைவிடக் குறைகிறது. கட்டடம் மீண்டது என்று புள்ளிவிவரம் கூறும்; வேலை அதே அளவில் மீளவில்லை. அதே கடற்கரையில் மற்றொரு விடுதி இருந்த இடத்தில் 2009-இல்தான் புதிய விடுதி எழுந்தது. பதினேழு ஆண்டுகளில், நாற்பது வயதில் வேலை இழந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிடுகிறார்.

கோகோ பாம்சின் கதையை முன்னரே தொட்டோம். காப்புறுதித் தகராறு, உரிமை மாற்றங்கள், 2014-ஆம் ஆண்டின் தீ, புனிதமான மூதாதையர் நிலம் என்று கூறி உரிமை கோரிய ஹவாய்ப் பழங்குடியினரின் எதிர்ப்பு எனப் பலவும் அதன் வரலாற்றில் உண்டு. பழங்குடியினரின் வாதத்தில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். அவர்களது அரசர்கள் வாழ்ந்த இடம் அது. ஆனால் அவ்விவாதங்களில் பழைய பணியாளரின் குரல் பெரும்பாலும் நினைவுகூரும் குரலாக மட்டுமே ஒலித்தது. அவ்விடுதியை நாள்தோறும் மாலையில் பந்தம் ஏற்றி ஓடும் சடங்கோடு புகழ்பெறச் செய்த கிரேஸ் கஸ்லாண்டர் என்னும் நிர்வாகியின் பெயர் நூல்களில் இருக்கிறது; பந்தம் ஏந்தி ஓடியவர்களின் பெயர்கள் குடும்பங்களில்தான் இருக்கின்றன.

இன்று கவாயில் எங்கு நோக்கினும் காட்டுக் கோழிகள் திரிகின்றன. இவாவும் இனிக்கியும் கூடுகளை உடைத்து விடுவித்த வீட்டுக் கோழிகளின் வழிவந்தவை அவை என்று தீவினர் கூறுவர். பயணிகளுக்கு விற்கும் சட்டைகளில் சேவல் படம் அச்சாகிறது. சூறாவளியின் நினைவு அவ்வாறும் ஒரு விற்பனைப் பொருளாகியிருக்கிறது.

மவுயித் தீவின் தொடர்ச்சி

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், தொலைவில் கடந்து சென்ற டோரா சூறாவளியின் காலத்தில் வீசிய கடுங்காற்றால் பரவிய தீ, மவுயித் தீவின் லகாய்னா நகரை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரும் ஒரு காலத்தில் கரும்பு நகரமே; அங்கிருந்த பயனியர் ஆலை 1999-இல் மூடப்பட்டது. அருகிலிருந்த காவனாபாலிக் கடற்கரை விடுதிகளில் வேலை செய்தோர் பலர் லகாய்னாவில் குடியிருந்தனர். விடுதிகள் நின்றன, தொழிலாளரின் வீடுகள் எரிந்தன. கவாயில் இரண்டும் சேர்ந்து அழிந்தன. இங்கு ஒன்று மட்டும் எஞ்சியது. வீடிழந்தோர் ஆயிரக்கணக்கில் அவ்விடுதி அறைகளிலேயே தங்க வைக்கப்பட்டனர்.

தீ நிகழ்ந்து இரண்டு மாதங்களில், 2023 அக்டோபர் 8 முதல், மேற்கு மவுயி படிப்படியாகப் பயணிகளுக்குத் திறக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. தங்களுக்கு நிலையான வீடு கிடைக்கும்வரை திறக்க வேண்டா என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையொப்பமிட்டனர். வேலையின்றி எப்படி வாழ்வது, உடனே திறக்க வேண்டும் என்று வேறு சிலர் வாதிட்டனர். இரண்டு அணியிலும் விடுதித் தொழிலாளர் இருந்தனர். ஒரே குடும்பத்தில்கூட இக்கருத்து வேறுபாடு தோன்றியிருக்கக்கூடும். விடுதிகள் அறிவித்தபடியே திறந்தன. பணிக்குத் திரும்பியவர்களுள் சிலர், பயணிகளின் அறைகளைத் துடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தமக்கென ஒதுக்கப்பட்ட விடுதி அறைக்கே திரும்பினர்.